இறக்கத்தில் மட்டும் வரும் ஊளை

திங்கள்

சங்ககிரி லாரி ஒன்று நாமக்கல்லில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்னாலேயே காரில் முதலாளி. "டிஃப்ரன்ஷியல் சத்தம் போடுதுங்க. கழட்டி கிரவுன், பினியன் புதுசா போட்டுருங்க" என்றார். ஐம்பதைத் தாண்டிய ஓட்டுநர் தள்ளி நின்றிருந்தார். "எப்பங்ணா சத்தம் வருது?" என்று அவரிடம் கேட்டேன்.

"தொப்பூர் இறக்கத்துல காலை எடுத்தா ஊளையிடுதுங்க. மிதிச்சா நின்னுடுது. வளைவுல திரும்பறப்ப ஒண்ணும் இல்லீங்க."

எனக்கு வேண்டிய தடயம் அதில் இருந்தது. இன்று ஒரு போல்ட்டையும் தொடவில்லை.

செவ்வாய்

லோடை இறக்காமலே சேலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பின் அச்சின் சத்தத்தை மூன்று நிலைகளில் கேட்க வேண்டும்: மிதித்து வேகமெடுக்கும்போது, ஒரே வேகத்தில் போகும்போது, காலை எடுத்துக் கியரிலேயே உருளவிடும்போது. மிதிக்கையில் கிரவுன் பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதால் மறுமுகம் தாங்கும். ஒரு நிலையில் மட்டும் ஊளை வந்தால், பல் முகம் தேய்ந்திருக்க வேண்டும். அல்லது பினியனைப் பிடித்திருக்கும் பேரிங் தளர்ந்திருக்க வேண்டும்.

மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தோம். சாலைப் பரப்புக்கேற்ப மாறும் சத்தம் டயருடையது. இடமும் வலமும் வளைக்கும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். கியர் போட்டதும் 'டொக்' என்றால் முதலில் யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். வளைவில் மட்டும் கடகடத்தால் ஸ்டார் பினியன்கள். மாட்டு வண்டியில் இரு சக்கரங்களும் தனித்தனியே சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடினாலும் சிக்கலில்லை. லாரியில் இரண்டையும் ஒரே எஞ்சின் தள்ளுவதால், அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கவே ஸ்டார் பினியன்கள் இருக்கின்றன. நேராக ஓடும்போது அவை தம் அச்சில் சுழல்வதில்லை. அதனால் அவற்றின் பழுது நேர்ச்சாலையில் வெளியே தெரியாது.

புதன்

புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியன் ஃபிளாஞ்சை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். துளியும் இருக்கக்கூடாத ஆட்டம் அங்கே இருந்தது. சீலைச் சுற்றி எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. லெவல் பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலை உள்ளே வளைத்தும் எட்டவில்லை. காரணம் ஹவுசிங்கின் மேலே இருந்தது. பிரீதர் சேறு அடைத்துக் கெட்டியாகிக் கிடந்தது. ஓட்டத்தில் சூடேறி உள்ளே காற்று விரிகிறது. போக வழியில்லாவிட்டால் சீல் வழியே எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் குறைந்தால் முன்பக்கப் பினியன் பேரிங்தான் முதலில் காயும்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். பால் நிறமில்லை, ஆகவே தண்ணீர் புகவில்லை. காந்த பிளக்கில் வழக்கமான கரும்பசையோடு மெல்லிய செதில்கள் சில இருந்தன. பல் துண்டு எதுவும் இல்லை.

வியாழன்

பிரித்தோம். முன்பக்கப் பினியன் பேரிங்கின் உருளைகள் புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தன. கிரவுன் பற்கள் நன்றாக இருந்தன. புது பேரிங், புது சீல் போட்டு, பிரீலோடு சரிசெய்து, பற்களில் மார்க்கிங் புளூ தடவிச் சுற்றினோம். தடம் பல்லின் நடுவே விழுந்தது. டயல் கேஜில் பேக்லாஷ் கால் மில்லிமீட்டர் அளவு. தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள்தான். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடியாக்கப்பட்டவை. ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கெடாதபோது அந்த ஜோடியைக் கலைக்கக் கூடாது.

எண்ணெயிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1926இல் பேக்கார்டு கார்களில் வந்த ஹைபாய்டு பற்கள்தான் இன்று பல வண்டிகளில் இருக்கின்றன. பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே இருப்பதால் பற்கள் கடும் அழுத்தத்தில் வழுக்கியபடி சுழலும். அதற்கென்றே உள்ள ஜிஎல்-5 எண்ணெய் இல்லாமல் அவை தாங்காது.

சனி

தொப்பூர் இறங்கியதும் ஓட்டுநர் போன் செய்தார்: "சத்தமே இல்லீங்க." பேரிங்கும் சீலும் எண்ணெயுமாக வேலை முடிந்தது. இன்னும் சில நடை ஓட்டியிருந்தால் பினியன் ஆடி ஆடிப் பற்களையும் தின்றிருக்கும். அதே அடைப்பு ஹப் சீலைக் கெடுத்திருந்தால் எண்ணெய் பிரேக் லைனிங்கில் இறங்கியிருக்கும். தொப்பூர் இறக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று லாரித் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பிரீதரைத் துடைக்கச் சொல்லுங்கள், எண்ணெய் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறைக்கு வண்டி வரும்போது பேச்சை ஓட்டுநரிடம் விடுங்கள். அந்த அச்சின் மேல் இரவும் பகலும் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.