டப்ளின் சுங்கானின் வயது

சிரஞ்சீவி முரளிக்கு,

டப்ளினில் பழம்பொருட் கடையொன்றில் நீ வாங்கிய பீட்டர்சன் சுங்கானின் படங்கள் வந்து சேர்ந்தன. புகைக்கும் உத்தேசமில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் நம்புகிறேன், உன் அம்மாவும் நம்பட்டும். மெருகேற்றும் ஆவலில் மரத்தில் உப்புத்தாளை வைத்துவிடாதே என்று சொல்லவே இதை அவசரமாக எழுதுகிறேன்.

லாட்வியாவிலிருந்து வந்து, டப்ளினில் சுங்கான் செய்த காப் சகோதரர்களுக்குக் கூட்டாளியான சார்லஸ் பீட்டர்சன், புகையோடு வரும் ஈரம் நாவை எட்டாமல் தங்கும்படி மரக்கழுத்தினுள் ஒரு குழியை அமைத்து, 1890-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற விருத்தாந்தத்தைக் கடைக்காரரே உனக்குச் சொல்லியிருப்பார். உன் கையிலுள்ளது எக்காலத்தது என்பதை அக்கழுத்தில் பொறித்த வரிதான் சொல்ல வேண்டும். லண்டன் டன்ஹில் கம்பெனியார் 1920-களிலிருந்து 'இங்கிலாந்து' என்ற சொல்லின் ஓரத்தில் சிறு இலக்கமிட்டு ஆண்டைக் காட்டிவந்தார்கள். டப்ளின்காரர்களுக்கு அந்தச் சிரத்தை இல்லாவிட்டாலும், அவர்கள் தேசத்தின் பெயரே மாறி மாறி வந்தபடியால், மெய்க்கீர்த்தியிலுள்ள மன்னன் பெயரைக் கொண்டு கல்வெட்டின் காலத்தை நிர்ணயிப்பதுபோல நாம் நிர்ணயித்துக்கொள்ளலாம். 1922 முதல் 1937 வரை 'ஐரிஷ் சுதந்திர ராஜ்யம்'; 1937 டிசம்பரில் அயர்லாந்துத் தலைவர் டி வலேராவின் அரசியல் சாசனம் அமலுக்கு வந்தபின் 'ஏரே'; 1949-இல் குடியரசு ஸ்தாபிதமானபின் 'அயர்லாந்துக் குடியரசு'. உன் படத்தில் மங்கலாகத் தெரிவது 'ஏரே'. ஆகவே அது அந்த டிசம்பருக்கு முந்தியதாக இருக்க நியாயமில்லை. பழைய அச்சைத் தேயும்வரை அடிப்பது பட்டறைகளின் சுபாவமாதலால், பிந்திய எல்லையை மாத்திரம் அவ்வளவு திடமாகச் சொல்லமாட்டேன்.

வாய்ப்பகுதி பச்சையும் பழுப்புமாய் இருப்பது அழுக்கன்று; கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பராகிய வல்கனைட், வெளிச்சமும் காற்றும் பட்டு அப்படி ஆகும். அதைக் கழற்றி, நீரில் நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் கறுப்பு திரும்பும். கிண்ணத்தின் கரியை முழுவதும் சுரண்டாமல் மெல்லிய படலம் விட்டுவை. எழுத்துள்ள மரக்கழுத்துக்கு ஈரத்துணியே போதும். இயந்திரச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றப்பட்டு, அழகு உண்டு, வயது இல்லை என்ற கதியில் விலைக்கு வரும் சுங்கான்கள் அநேகம்.

கழுத்தின் உலோகப் பூணையும் பார். ஷாம்ராக் இலை, வேட்டைநாய், வட்டக்கோபுரம் என்ற மூன்றும் இருந்தால் அது நிக்கல். அவை வெறும் அலங்காரம். அமர்ந்த ஹைபர்னியா மாதும் முடிசூடிய யாழும் இருந்தால் டப்ளினில் சோதித்த வெள்ளி. பக்கத்தில் ஆண்டுக்குரிய எழுத்தொன்று இருக்கும். எழுத்துவரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குமாதலால், எழுத்தின் சாயலையும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, அப்படியே வரைந்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா