எந்தக் கோல், எந்த மீனுக்கு?

தூண்டில் கடைக்குள் முதன்முறையாக நுழைபவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். சுவரோரம் வரிசையாகக் கோல்கள் நிற்கும். சில ஓர் ஆள் உயரம். சில இரண்டு ஆள் உயரம். ஒன்றின் நுனி ஈர்க்குச்சியைப்போல் ஆடும். இன்னொன்றை வளைக்கவே முடியாது. விலையோ சில பத்து வெள்ளியில் தொடங்கி ஆயிரம் வெள்ளியையும் தாண்டும். இவற்றுள் எதை வாங்குவது? விலை உயர்ந்ததை எடுக்கிறார் ஒருவர். தடித்ததை எடுக்கிறார் மற்றொருவர். கரைக்குப் போனபின் மீன் கிடைக்காவிட்டால் இருவரும் கோலைத்தான் குறை சொல்கிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்!

அந்தக் காலத்துத் தோட்டப்புறச் சிறுவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வேலியோரத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டிக் காயவைப்பார்கள். நுனியில் தங்கூசி நூல், ஒரு முள், ஒரு தக்கை, ஒரு மண்புழு. அவ்வளவுதான். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான குட்டைகளும், தோட்டத்துக் கால்வாய்களும் அவர்களுடைய மீன்பிடிக் களங்கள். அங்கே கெளுத்தியும் விராலும் கிடைத்தன. மூங்கிற்கோல் எல்லா மீனுக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தச் சிறுவர்களுக்குத் தெரிந்த நீர் ஒன்றே. பிடிக்கும் முறையும் ஒன்றே. அதற்கு அந்தக் கோல் போதுமானதாக இருந்தது.

அப்படி மூங்கிற்கோலோடு வளர்ந்த முதியவர் ஒருவர், இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் பயிலும் தம் பேத்தியை ஈப்போவில் உள்ள கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். தீபாவளி அங்பாவ் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தாள் அவள். கடையில் மிகத் தடித்த கோல் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“தாத்தா, இது நல்லா உறுதியா இருக்கு. இதையே வாங்கிக்கலாமா?”

“எந்த மீனுக்கும்மா?”

“எல்லா மீனுக்குந்தான்!”

“வீட்டுல உங்கம்மா தோசைக்கும் சாம்பாருக்கும் ஒரே கரண்டியா வெச்சிருக்காங்க?”

கேள்வி வேடிக்கையாக இருந்தாலும் பொருள் உடையது. கோலைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு பண்புகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது வலு. கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதே அது. இரண்டாவது வளைவு. இழுக்கும்போது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது அது. நுனிப்பகுதி மட்டும் வளையும் கோலை ‘விரைவான கோல்’ என்பார்கள். பிடிக்கு அருகிலிருந்தே வில்லைப்போல் வளைவது ‘மெதுவான கோல்’. வலுவும் வளைவும் வேறு வேறு. வலுக் குறைந்த கோலும் விரைவானதாக இருக்கலாம். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கோல் ஏன் வளைய வேண்டும்? மீன் திடீரென்று இழுக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் நூலில் விழுந்தால் நூல் அறுந்துபோகும். அல்லது மீனின் வாய் கிழியும். கோல் வளைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மீன் இழுப்பதை நிறுத்தியதும் நிமிர்ந்து நூலை இறுக்கமாக வைத்திருக்கிறது. ஆகவே, வளையாத கோல் உறுதியான கோல் ஆகிவிடாது.

பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கோலில் 8–17 எல்பி என்றும் 7–21 கிராம் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்பி என்பது பவுண்டைக் குறிக்கும். ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம். இந்த எண் பிடிக்கக்கூடிய மீனின் எடையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. அந்தக் கோலுக்குப் பொருத்தமான நூலின் வலிமையையே அது காட்டுகிறது. அதைவிட வலிமையான நூலைப் போட்டு முரட்டுத்தனமாக இழுத்தால், நூல் அறுவதற்கு முன்பே கோல் முறிந்துவிடலாம். கிராம் கணக்கோ வீசும் இரையின் எடை. இரை மிக இலேசாக இருந்தால் கோல் வளையாது. இரையும் தொலைவில் விழாது. மிகக் கனமாக இருந்தால் கோலுக்கு ஆபத்து. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழி தூண்டிலுக்கும் பொருந்தும்போலும்!

இனி, மீன் பிடிக்கும் முறைக்கு வருவோம். தக்கை போட்டுத் திலாப்பியாவையும் லம்பாமையும் பிடிப்பவர்களுக்கு நீளமான, மெல்லிய கோல் உதவும். 3.6 மீட்டர் முதல் 4.5 மீட்டர் வரை நீளமுள்ள, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கோல்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு ரீல்கூடத் தேவையில்லை. கரையோரப் புல்லையும் பாசியையும் தாண்டி, வேண்டிய இடத்தில் தக்கையை மெல்ல இறக்கலாம். இந்த வகையில் மட்டும், நீளமான கோலைத் தேடுபவர் சொல்வது சரி.

ஆற்றின் அடியில் இரையை இறக்கிக் காத்திருப்பது வேறொரு முறை. பகாங் ஆற்றங்கரையில் உள்ள தெமர்லோ பாத்தின் மீனுக்குப் பெயர் பெற்ற ஊர். பாத்தினும் பாவுங்கும் ஆற்றின் அடிப்பகுதியில் இரை தேடும் மீன்கள். அங்கே ஈயக் குண்டின் கனத்தைத் தாங்கும் வலுவான அடிப்பகுதி வேண்டும். அதே சமயம், மீன் இரையைத் தொடுவதைக் கண்ணுக்குக் காட்டும் மென்மையான நுனியும் வேண்டும். சற்றுக் கனமான கண்ணாடியிழைக் கோல் இதற்கு ஏற்றது. கோலைத் தாங்கியில் சாய்த்துவிட்டுக் காத்திருப்பதால் கனம் பெரிதாகத் தெரியாது.

செபாராவ் பிடிப்பவர் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. உடலில் கறுப்புப் பட்டையுள்ள அந்த மீன் ஓடும் நீரில் வேகமாகப் பாய்ந்து இரையைத் தாக்கும். அதைப் பிடிக்கப் பளபளக்கும் உலோகத் தகடு போன்ற போலி இரையை மீண்டும் மீண்டும் வீசி இழுக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதில் நூறு முறைக்கு மேல்கூட வீச நேரிடும். எனவே, 2 மீட்டர் அளவிலான, எடை குறைந்த கரியிழைக் கோலே கைக்கு இதம். சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களின் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். அங்கும் போலி இரையையே பயன்படுத்த வேண்டும். அதனால் அங்குள்ளவர்களுக்கும் வீசும் கோலே முதல் தேர்வாகிறது. மிதமான எடையுள்ள நூலையே வீசி, பூச்சி போன்ற சிறு இரையைக் கொண்டு செல்லும் முறையும் உண்டு. அதற்குரிய கோல் தனி. அந்தக் கலையைக் கற்கவும் தனிப் பொறுமை வேண்டும்.

தோமன் மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விரால் இனத்தைச் சேர்ந்த இந்த மீன் ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வரும். 1985ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான கென்யிர் ஏரியில் தோமன் நிறைய உண்டு. பழைய ஈயக்குட்டைகளிலும் அதைக் காணலாம். கென்யிர் உருவானபோது நீரில் மூழ்கிய காட்டின் பட்டுப்போன மரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. முள்ளில் சிக்கிய தோமன் நேராக அந்த மரங்களுக்கு இடையில் பாயும். அங்கே புகுந்துவிட்டால் நூல் அறுவது நிச்சயம். வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நூலோடும் மீன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே, இதற்கு வலு மிகுந்த விரைவான கோலும் உறுதியான பின்னல் நூலும் தேவை.

“சின்னக் கோலில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் திறமை” என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. மீனின் பக்கம் நின்று பார்த்தால் அதில் பெருமை இல்லை. வலுக் குறைந்த கோலில் மீன் நீண்ட நேரம் போராடிக் களைத்துப்போகும். நீரில் திருப்பி விட்டாலும் பிழைக்காமல் போகலாம். பிடித்த மீனை விட்டுவிட நினைப்பவருக்கு வலுவான கோலே நல்லது. தோமன் குஞ்சுகளின் நிலை இன்னும் பரிதாபமானது. சிவந்த நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் நெளியும். பெற்ற மீன்கள் கீழே காவல் காக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே இரையை வீசினால், காவல் மீன் சீறி வந்து தாக்கும். இப்படிப் பிடிப்பது எளிது. ஆனால், காவல் போனபின் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். முதியவர் அந்த இடங்களில் தூண்டில் போடுவதில்லை. காரணம் கேட்ட பேத்தியிடம், “பிள்ளைய வெச்சுக்கிட்டு இருக்கிறதைப் புடிக்கிறது என்னம்மா வீரம்?” என்று மட்டும் சொன்னார்.

கரியிழைக் கோலைப் பற்றிக் கடைக்காரர் அன்று ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே அதை உயர்த்தக் கூடாது. இடிச்சத்தம் கேட்டால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். பிற்பகலில் அடிக்கடி இடியுடன் மழை பெய்யும் நம் நாட்டில் இது சாதாரண எச்சரிக்கையன்று.

பேத்தி தடித்த கோலை இருந்த இடத்தில் வைத்தாள். வீட்டுக்கு அருகிலுள்ள குட்டையில் என்னென்ன மீன்கள் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டாள். பிறகு, ஒவ்வொரு கோலாகத் திருப்பி எண்களைப் படித்தாள். முடிவில் 2 மீட்டர் நீளமும் நடுத்தர வலுவும் உடைய கோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். 5 கிராம் முதல் 20 கிராம் வரையுள்ள இரையை அதில் வீசலாம். தாத்தா அதில் ஒரு ரீலைப் பொருத்தச் சொன்னார். நுனி பக்கம் சாய்கிறதா என்று விரலில் வைத்துப் பார்த்தார். வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மீதிப் பணத்தில் மீனின் வாயிலிருந்து முள்ளை எடுக்க நீண்ட மூக்குக் குறடு ஒன்றை வாங்கினார்கள். தோமனுக்கான கோலுக்கு அடுத்த தீபாவளி அங்பாவ் வரை காத்திருக்க வேண்டும்.