ராமர் பாதமும் ராவணன் மீசையும்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் தலை முழுகிவிட்டு, ஈரத் துணியைக்கூடச் சரியாகப் பிழியாமல் வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் பலர். அடுத்த தடவை நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாழிகை நின்று, கடலோர மணல் மேட்டைப் பாருங்கள்.

இங்கே ராமர் பாதம் என்று ஓர் இடம் இருக்கிறது. உயரம் 4 மீட்டர்தான்; ஆனால் இந்த முனையிலேயே மிக உயரமான நிலம் அதுதான்! கல்லில் பதிந்த பாதங்களைச் சேவித்துவிட்டுக் கடலோரம் நடந்தால் ராவணன் மீசை எதிர்ப்படும். பயப்படாதீர்கள், அது ஒரு புல்லின் பெயர். இலைகள் ஊசியாக விறைத்து நிற்கும். புடவைத் தலைப்பு ஜாக்கிரதை! பக்கத்திலேயே ஊதாப் பூவுடன் அடம்பங்கொடி படர்ந்திருக்கும். அதன் இலை ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்திருக்கும்.

அடம்பங்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைத் தைத்து வைக்கிறது. காற்றில் பறந்து வரும் மணலை ராவணன் மீசை மறித்துக் குவிக்கிறது. அப்படி எழும்பிய மேடுதான் கடலுக்கும் ஊருக்கும் நடுவே மதில்.

நாலைந்து மாடுகள் நடந்தால் மதிலுக்கு ஒன்றும் நேராது. தினந்தோறும் மந்தை மிதித்தால் கொடி அறுந்துபோகும். தையல் பிரிந்த மணலைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும்.

மேட்டுக்குப் பின்னால் காடும் புல்வெளியும். வெளிமான்களுக்காக 1967-ல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. மான்களோடு மாடுகளும், சொந்தக்காரர் இல்லாத மட்டக் குதிரைகளும் மேய்கின்றன. புல்லை எல்லாம் தின்னும். சீமைக் கருவேல இலையை மாடு விரும்பாது. அதன் காயோ தித்திப்பு! தின்ற காயின் விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, எருவும் கிடைத்து, ஜோராக முளைக்கிறது. புல்லைக் குறைத்து முள்ளை விதைப்பது மாட்டுக்கே தெரியாது, பாவம்! திறந்த வெளியில் ஓடிப் பழகிய வெளிமான் முட்புதருக்குள் எங்கே ஓடும்?

அப்படியானால் மேய்ச்சலே கூடாதா? ஹாலந்து தேசத்தில், கடலோர மணல் மேடுகளில் புதர் மண்டக்கூடாது என்று மாடுகளையும் குதிரைகளையும் அளவாக மேயவிடுகிறார்கள். கோடியக்கரையிலும், மாட்டை நம்பிப் பிழைக்கிறவர்களைப் பட்டினி போடுவது பரிகாரமாகாது. மேய்ச்சலுக்கு இடமும் அளவும் வகுப்பதும், சீமைக் கருவேலத்தை வேரோடு களைவதுமே வழி.

உப்பளங்களுக்குப் பேர்போன வேதாரண்யத்தின் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டுமா? மேய்ச்சலும் உப்பு மாதிரிதான். அளவு தப்பினால் என்ன ஆகும் என்பது சமையல் தெரிந்த உங்களுக்குத் தெரியாதா என்ன!