வில்லியனூர் தேவாலயமும் மகளின் கேள்வியும்

சென்ற மாதம் வில்லியனூர் வழியாக வந்துகொண்டிருந்தபோது, புனித லூர்து அன்னை தேவாலயத்தைக் கண்டு எங்கள் இளைய மகள் கேட்டாள்: "அத்தா, அது நம்முடைய மர்யம் அலைஹிஸ்ஸலாம்தானே? பிறகு ஏன் நாம் உள்ளே போவதில்லை?"

உடனே விடை சொல்ல இயலவில்லை. "ஆம்" என்று நிறுத்தினால் ஈமானில் குழப்பம் நேருமோ, "இல்லை" என்றால் அண்டை வீட்டாரை இழிவாக எண்ணப் பழகிவிடுவாளோ என்று அஞ்சினோம்.

பிரான்சின் லூர்து என்னும் ஊரில் 1858-ஆம் ஆண்டு அன்னை காட்சியளித்ததாகக் கிறித்தவர்கள் நம்புகின்றனர். அதற்கு இருபது ஆண்டுகள் நிறையுமுன்பே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வில்லியனூருக்கு 1877-இல் அங்கிருந்து அன்னையின் திருவுருவம் வந்து சேர்ந்தது. தேவாலயத்தின் எதிரே ஒரு குளம். அதே ஊரில் திருக்காமீசுவரர் கோயிலும் உண்டு. நம் பள்ளிவாசலும் உண்டு.

அன்றிரவு இஷாவுக்குப் பின் பிள்ளைகளை அமர்த்திப் பேசினோம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண்மணி மர்யம் (அலை) அவர்கள். 19-ஆவது அத்தியாயம் அவர்களின் பெயரையே தாங்கியுள்ளது. அவர்களைக் கண்ணியப்படுத்துகிறோம், அல்லாஹ்வை மட்டுமே வணங்குகிறோம். இதில் ஐயமில்லை. ஆயினும் 22-ஆவது அத்தியாயத்தின் 40-ஆவது வசனம், தகர்க்கப்படாமல் காக்கப்படும் வழிபாட்டுத் தலங்களைக் கூறுகையில், மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் சொல்லிய பின்னரே பள்ளிவாசல்களைச் சொல்கிறது.

பின்னர் உமர் (ரழி) அவர்களின் வரலாற்றைக் கூறினோம். ஜெருசலம் முஸ்லிம்கள் வசம் வந்தபோது, கிறித்தவத் தலைமைக் குரு சொஃப்ரோனியஸ் அவர்களைத் தேவாலயத்தினுள்ளேயே தொழ அழைத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உமர் (ரழி) அவர்கள் மறுத்து, வெளியே படியில் தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால், அதைக் காரணம் காட்டிப் பின்வருவோர் அவ்விடத்தைக் கைப்பற்றக்கூடும் என்று அஞ்சினார்கள். அவர்கள் விலகி நின்றது வெறுப்பினால் அன்று. பிறர் உரிமையைக் காப்பதற்காக.

"அப்படியென்றால் வெளியே நிற்பதும் மரியாதைதானா, அத்தா?" என்றாள் மகள். ஆம் என்றோம்.

எங்கள் அடுத்த வீட்டார் வில்லியனூர்த் தேர்பவனிக்கு ஆண்டுதோறும் குடும்பத்துடன் செல்வர். இவ்வாண்டு அவர்கள் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியுள்ளோம். சாவியை வாங்கி வைக்கும் பொறுப்பை மகளே கேட்டுப் பெற்றுக்கொண்டாள். ஈமானில் உறுதியையும் அண்டை வீட்டாரிடம் நன்னடத்தையையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஒருசேர அருள்வானாக! ஆமீன்.