இரண்டாவது மனேத்

வீடியோ கேம் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு 74 வயது. ஓய்வு பெற்ற அரசு எழுத்தர். படித்ததோ பிரெஞ்சு வழியில். கணினி என்பதே பணியின் கடைசி ஆண்டுகளில்தான் என் மேசைக்கு வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் ஒரே டிவியில் ஆடிய காலத்தைப் பார்த்தவன் நான். இன்று ஒருவன் மட்டும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுவதையும் பார்க்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

பாரீசில் இருந்த என் மைத்துனர் 1998-இல் விடுமுறைக்குப் புதுவை வந்தபோது நின்டெண்டோ 64 என்ற பெட்டியைக் கொண்டு வந்தார். அதன் முகப்பில் நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜாய்ஸ்டிக்கைச் செருகலாம். மைத்துனர் அதைப் பிரெஞ்சில் 'மனேத்' என்பார். எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் ஆடியது மரியோ கார்ட் 64 என்ற கார் பந்தயம். இரண்டு பேர் ஆடினால் திரை இரண்டாகப் பிரியும். மூவரோ நால்வரோ ஆடினால் நான்கு கட்டமாகும். எங்கள் டிவி 20 அங்குலம். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நோட்டுப் பக்கம் அளவு இடம் கிடைக்கும். என் மகனுக்கு அப்போது 13 வயது, மகளுக்கு 9. எதிர் வீட்டுத் தையல்காரரின் மகனும் வந்துவிடுவான். இப்படி ஒரு பெட்டியை வாங்கித் தர அவன் அப்பாவால் முடியாது. எங்கள் கூடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. துளை காலியாக இருந்தது, அவன் உட்கார்ந்தான்.

நான்காவது மனேத் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஒருநாள் மகள் அதை என் மனைவியின் கையில் திணித்தாள். அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. பந்தயத்தில் எல்லோரும் ஒரு பக்கம் போனால் இவள் எதிர்ப்பக்கம் போவாள். பள்ளத்தில் விழுந்தால் மேகத்தின் மேல் வரும் ஓர் ஆமை தூண்டில் போட்டுத் தூக்கி மறுபடி சாலையில் வைக்கும். அந்த ஆமைக்கு அவளால் ஓய்வே இல்லை. தையல்காரர் மகன், “அத்தை, வண்டியைத் திருப்புங்க, திருப்புங்க” என்று கத்துவான். தன் வண்டி சுவரில் மோதுவதைக் கவனிக்க மாட்டான். நான் பள்ளியில் கற்ற 'த்ரிஷேஸ்', அதாவது ஏமாற்றுக்காரி என்ற சொல்லை, தன் கட்டத்தை எட்டிப் பார்த்ததற்காக மகன் தங்கைமேல் வீசுவான். ஒரே திரையில் எல்லோருடைய ஆட்டமும் தெரியும்போது எட்டிப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? மனைவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவள் வாய்விட்டுச் சிரித்த சத்தம் என் நினைவில் அந்த ஆட்டத்தோடுதான் ஒட்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு லியோன் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு 12 வயது. டிவி 55 அங்குலம். அவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும் ஒரு மனேத் கொடுப்பா” என்றேன். அரைத் தமிழும் அரைப் பிரெஞ்சுமாகப் பதில் வந்தது. “தாத்தா, இதுல இன்னொரு மனேத் வேலை செய்யாது. நீங்க ஆடணும்னா தனி டிவி, தனி பெட்டி, தனி கணக்கு வேணும்.” அவன் மேல் குற்றமில்லை. ஆட்டத்தைச் செய்தவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். 20 அங்குலத்தில் நால்வருக்கு இடம் இருந்தது, 55 அங்குலத்தில் இருவருக்கு இல்லை!

கோப்பு பார்த்துப் பழகியவன் காரணம் தெரியாமல் விடமாட்டான். மகனிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் காரணம் இயந்திரத்தின் சுமை. திரையை இரண்டாகப் பிரித்தால் ஒரே உலகத்தை இரண்டு கோணங்களில் தனித்தனியே வரைய வேண்டும். அதுவும் நொடிக்கு 30 முறை அல்லது 60 முறை. அந்தக் காலத்தில் இதற்காகச் சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள். மரியோ கார்ட் 64-இல் மூவரோ நால்வரோ ஆடினால் பின்னணி இசையே வராது. எங்கள் கூடத்தில் இருந்த கூச்சலில் அதை யாரும் கவனிக்கவில்லை. இன்று ஒவ்வொரு புல்லும் அசைய வேண்டும், தண்ணீரில் நிழல் விழ வேண்டும். இயந்திரத்தின் பலமெல்லாம் ஒருவருக்கே செலவாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் இணையம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002-இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற சேவையைத் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே உலகத்தில் யாரோடும் ஆடலாம், சந்தா கட்டினால் போதும். நான்கு பேர் ஒரே அறையில் ஆடினால் விற்பது ஒரு பெட்டி, ஒரு ஆட்டம். நான்கு பேர் நான்கு வீட்டில் ஆடினால் நான்கு பெட்டி, நான்கு ஆட்டம், நான்கு சந்தா. இந்தக் கணக்குப் போட எழுத்தர் தேவையில்லை.

ஹேலோ என்ற துப்பாக்கி ஆட்டத்தின் கதையே இதற்குச் சாட்சி. 2001-இல் அது வந்தபோது ஒரே டிவியில் நான்கு பேர் வரை மோதலாம். 2015-இல் வந்த ஹேலோ 5-இல் திரைப் பிரிப்பு அடியோடு இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். இனி வருபவற்றில் நிச்சயம் இருக்கும் என்று 2017-இல் வாக்குக் கொடுத்தார்கள். 2021-இல் வந்த ஹேலோ இன்ஃபினிட்டில் மோதல் பகுதிக்கு மட்டும் அது கிடைத்தது. இருவர் சேர்ந்து கதையை ஆடும் பகுதிக்கு அதைக் கைவிட்டதாக 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள்.

இணையத்தை நான் பழிக்கவில்லை. என் பேரன் சனிக்கிழமைகளில் புதுவையில் இருக்கும் என் மகளின் பையனோடு ஆடுகிறான். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இரண்டு பிள்ளைகள் “டேய்” என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒருவர் குரல் இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் அங்கே சேர முடிந்தவர்கள் ஏற்கெனவே பெட்டியும் கணக்கும் பழக்கமும் உள்ளவர்கள். தையல்காரர் மகனும் என் மனைவியும் எந்தக் காலத்திலும் தாமாக ஒரு கணக்குத் திறந்து உள்ளே வந்திருக்க மாட்டார்கள். கையில் யாராவது திணித்தால்தான் அவர்களுக்கு ஆட்டம். ஆடத் தெரிந்தவனுக்கு இணையம் போதும். தெரியாதவருக்கு அந்த இரண்டாவது மனேத்தான் வாசல். பள்ளியில் எங்களுக்கு 'ஷக்கேன் சோன் தூர்' என்று சொல்லித் தருவார்கள், ஆளுக்கு ஒரு முறை என்று பொருள். இப்போது ஆட்டங்கள் சொல்வது 'ஷக்கேன் ஷே சுவா', அவரவர் அவரவர் வீட்டில்.

இந்த வாசல் முழுதும் அடைபடவில்லை. 2017-இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸை இன்றும் ஒரே டிவியில் நால்வர் ஆடலாம். சுவீடனில் ஜோசப் ஃபாரெஸ் என்ற இயக்குநரின் குழு 2021-இல் செய்த 'இட் டேக்ஸ் டூ' என்ற ஆட்டத்தைத் தனியாக ஆடவே முடியாது. விவாகரத்து வரை போன கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிச் சேர்ந்து வழி தேடும் கதை. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. திரைப் பிரிப்பை யாரும் விரும்புவதில்லை என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஊர் திரும்புவதற்கு முன் பேரனுக்கு அந்த ஆட்டத்தையும் இன்னொரு மனேத்தையும் வாங்கிக் கொடுத்தேன். மனேத் மட்டும் 70 யூரோ. “எதுக்கு மாமா இவ்வளவு செலவு?” என்றாள் மருமகள். போன வாரம் போனில் அவளே சொன்னாள்: “மாமா, நாலாவது பாகத்துல நிக்கிறோம். நான்தான் அடிக்கடி விழறேன். இவன் திட்டறான், ஆனா விட்டுட்டுப் போக முடியாதே!”