வீணாய்ப் போகும் தண்ணீர்

மேட்டூர் நிரம்பி வழிகிற வருஷங்களில் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டது என்று பத்திரிகையில் படித்தவுடன் சந்தோஷம். உபரித் தண்ணீர் முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடத்தில் விழுந்து, கடலுக்குப் போகிறது என்று அடுத்த பத்தியில் படித்தவுடன் வயிற்றெரிச்சல். "இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலந்தது" என்று எழுதாத பத்திரிகை கிடையாது. நானும் காவேரிப் பாசனத்துச் சோறு தின்று வளர்ந்தவன்தான். எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் உயரம் மேட்டூரின் உயரத்தைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். ஆகவே அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் பரம்பரைச் சொத்து. ஆனாலும் 'வீணாக' என்கிற அந்த ஒரு வார்த்தை கொஞ்ச காலமாக என் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. மீன் முள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆவணி முகூர்த்தத்துக்காகக் கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்பு வரை கரை கொள்ளாமல் ஓடிய ஆறு, அப்போது மணலாய்க் கிடந்தது. நடுவில் வாய்க்கால் போல ஓர் ஓட்டம். இந்தப் பக்கம் அங்கங்கே குட்டைகள். சாப்பாட்டுப் பந்திக்கு நேரம் இருந்ததால் ஆற்றில் இறங்கி நடந்தேன். முதல் குட்டையிலேயே தண்ணீர் கொதிப்பது போலிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் மீன். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் முழங்கால் ஆழத்தில் நின்று துண்டினால் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார். பேரன் போலிருந்த பையன் அலுமினியக் குண்டானோடு கரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பெரியவரே, இப்படி வாயைப் பிளக்குதுங்க?" என்றேன்.

"மூச்சு முட்டுது தம்பி. விரால் தாங்கும், தேளி தாங்கும். அதுங்க மேல வந்து காத்தைக் குடிச்சுக்கும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. நாளைப் பொழுதுக்குள்ள மல்லாந்துடும். செத்தா யாரு வாங்குவா?"

"வெள்ளம் வடிஞ்சா எப்பவும் இப்படித்தானே ஆகும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வடியறது வேற, அடைக்கிறது வேற. வடிஞ்சா மீனுக்குத் தெரியும். ஓட்டம் கொறையறதைக் கண்டுக்கிட்டு மெள்ள ஆழத்துக்கு எறங்கிடும். மேலே கதவை எறக்கி அடைச்சா, அதுக்கு யாரு போய்ச் சொல்றது?"

பையன் குண்டானிலிருந்து விரல் நீளத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் பொறுக்கி வேறொரு சட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அது எதற்கு என்று கேட்டேன். நடு ஓட்டத்தில் கொண்டுபோய் விடுவதற்காம். "அடுத்த வருஷம் நமக்கு வேணுமே" என்றார் பெரியவர். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். வலையை வீட்டு எரவாணத்தில் செருகிவிட்டுப் போனவன், பொங்கலுக்குத்தான் வருவானாம்.

வடிவது வேறு, அடைப்பது வேறு. ஊர் திரும்பிய பிறகு புஸ்தகங்களைப் புரட்டினால், மேல்நாட்டு நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் இந்த நாலு வார்த்தைதான். அமெரிக்காவிலும் நார்வேயிலும் சில ஆறுகளில், மதகை மூடும்போது ஒரு மணிக்கு இத்தனை அங்குலத்துக்கு மேல் நீர்மட்டம் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள். கரையோரத்துக் குஞ்சுகள் ஒதுங்க அவகாசம் வேண்டும் என்பதற்காக.

மூடினால்தான் ஆபத்து என்று இல்லை, திறந்தாலும் உண்டு. ஆழமான நீர்த்தேக்கத்தில் மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் பல மாதங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அடியில் இருப்பது குளிர்ந்து, சில இடங்களில் பிராணவாயு அற்றுக் கிடக்கும். அடி மதகைத் திறந்தால் வருவது அந்தத் தண்ணீர்தான். கொலராடோ ஆற்றில் கிளென் கான்யன் அணையை 1963ல் மூடினார்கள். அதற்கு முன் கோடையில் வெதுவெதுப்பாக ஓடிய ஆறு, பிறகு பல பத்தாண்டுகள் எந்தப் பருவத்திலும் கிணற்றடி ஜில்லிப்பாகவே ஓடியது. அங்கே கூன் முதுகோடு ஒரு மீன் ஜாதி உண்டு. அந்தக் குளிரில் முட்டை பொரியாமல், அணையின் பிடியில் அகப்படாத ஒரு கிளையாற்றை நம்பி வம்சத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

இன்னும் விசித்திரமானது கொலம்பியா ஆற்றுக் கதை. உயரத்திலிருந்து அருவியாய் விழுகிற தண்ணீர் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு அடி மடுவுக்குப் போகிறது. அங்குள்ள அழுத்தத்தில் காற்று தண்ணீரில் கரைந்துவிடுகிறது. நம்முடைய கோலி சோடா செய்கிற மாதிரிதான். அதைச் சுவாசிக்கிற மீனின் ரத்தமும் சோடாவாகிறது. மீன் ஆழத்தில் இருக்கும்வரை தொந்தரவில்லை. மேலே வந்தால் கோலியைத் தட்டின கதை: ரத்தத்தில் குமிழி, செதிளில் குமிழி, கண் பிதுங்கி வெளியே வரும். 1968ல் ஜான் டே அணை முடிந்து, மின்சார யந்திரங்கள் தயாராகாத நிலையில், தண்ணீர் முழுவதையும் மேலே வழியவிட்டார்கள். சால்மன் மீன்கள் ஏராளமாகச் செத்தன. பிற்பாடு வழிந்தோடியின் அடியில் உதடு மாதிரி ஒரு திண்டு கட்டி, தண்ணீர் ஆழத்தில் குத்தாமல் மேலாகவே சறுக்கிப் போகும்படி செய்தார்கள். கரைந்த காற்று நூற்றுக்கு 110 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வகுத்தார்கள். இதிலே ஒரு சங்கடம், மீன் குஞ்சு யந்திரத்துக்குள் புகுந்து அடிபடுவதைவிட மேலே வழிகிற தண்ணீரோடு போவதே அதற்கு க்ஷேமம். இரண்டு எமனுக்கு நடுவே அளவு பார்த்துத் திறக்க வேண்டியிருக்கிறது.

நம் காவேரிக்கு வருகிறேன். உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தார் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன்தான். கடலில் வாழ்ந்து, வெள்ளம் வரும்போது ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி முட்டையிட்டுத் திரும்புவது. கொள்ளிடத்தில் அது நிறைய ஏறின காலம் உண்டு. 1836ல் ஆர்தர் காட்டன் மேலணையும் கீழணையும் கட்டுவித்தார். அணைகள் மீனின் வழியை மறிப்பதைச் சென்னை ராணுவ வைத்தியரான பிரான்சிஸ் டே 1873லேயே அறிக்கையாக எழுதி வைத்தார். அப்போதும் பெருவெள்ளம் வந்தால் உல்லத்துக்கு வழி கிடைத்தது. 1934ல் மேட்டூர் அணை திறந்தபின் அந்த வெள்ளங்களே அடங்கிவிட்டன. வாசலைச் சாத்தியதோடு, விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலையும் நிறுத்திவிட்டோம்.

கடலுக்குப் போன தண்ணீர் வீண் என்கிறோம். கடலில் இருந்த உல்லத்துக்கு, ஆறு அழைக்கிறது என்று போய்ச் சொன்னது அந்தத் தண்ணீர்தான். காவேரி நடுவர் மன்றம் 2007ல் 740 டி.எம்.சி.யைப் பங்கு பிரித்தபோது, மாநிலங்களுக்குக் கொடுத்தது போக, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போய்விடுவதற்கு 4 என்று ஒதுக்கியது. 2018ல் உச்ச நீதிமன்றம் நமக்கும் கர்நாடகத்துக்கும் உள்ள கணக்கை மாற்றியது. இந்த 14ஐத் தொடவில்லை. கணக்கில் மீனுக்கும் ஏதோ ஒரு மூலை இருக்கிறது. அதை எந்த மாதம், எந்த வேகத்தில் விடுவது என்பதைத்தான் மீனைப் பார்த்து யாரும் தீர்மானிப்பதில்லை. சீனாவில் யாங்சி ஆற்றின் பேரணையில் 2011 முதல், கெண்டைகள் முட்டையிடும் பருவத்தில், சில நாட்களுக்குத் தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டி ஒரு சின்ன வெள்ளத்தைச் செய்து காட்டுகிறார்கள். நம் ஊர்க் குளங்களில் வளர்க்கிற புல்கெண்டைக்கும் வெள்ளிக்கெண்டைக்கும் அதுதான் பிறந்த வீடு.

இதையெல்லாம் என் மாமாவிடம் சொன்னேன். எழுபத்தைந்து வயது; ஜூன் 12 தவறிப்போன வருஷங்களில் குறுவையைப் பறிகொடுத்தவர். மீனுக்காக மதகை மெதுவாக அடைத்தால் எத்தனை தண்ணீர் போகும் என்று முதலில் கணக்குக் கேட்டார். பிறகு, "நாத்தங்காலுக்கே நாதியில்லே, மீனுக்கு வக்காலத்தா மாப்பிள்ளே?" என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"எங்கப்பாரு தின்னிருக்காரு, உல்லம். கீழணைப் பக்கத்திலேருந்து தலைச்சுமையா வருமாம். எண்ணெயே விடவேண்டாமாம், அதும் கொழுப்பிலேயே வறுபட்டுடுமாம்." எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரிஞ்சு நம்ம வீட்டுச் சட்டியிலே அது ஏறினதில்லே."