நெல்லைக்கு முதல் முதலாளி யார்?

திருநெல்வேலின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அல்வா, அருவா, 'ஏலே!' சினிமா காட்டினது அவ்வளவுதான். ஒரு நாள் ஆத்தோரமா ஊரைச் சுத்திப் பாருங்க. இந்த ஊருக்கு முதல் முதலாளியே தாமிரபரணிதான்னு புரியும்!

பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேருகிற ஆறு. அந்தக் காலத்தில் அதன் முகத்துவாரத்தில் இருந்தது கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்னிக்கு அங்கே போனா கடலே கண்ணில் படாது. ஆறு அடிச்சுட்டு வந்து கொட்டின வண்டல், கடலைப் பல கிலோமீட்டர் தள்ளி வெச்சிடுச்சு. வேலை கொடுத்த ஆறே துறைமுகத்தையும் மூடிடுச்சு!

அதோட ஊர் முடங்கிடலை. ஆத்து நீர் பாய்ஞ்ச இடமெல்லாம் நெல். கரையில் விளைஞ்ச கோரைதான் பத்தமடைப் பாய் ஆச்சு. 1880-களில் ஸ்காட்லாந்தின் ஹார்வி சகோதரர்கள், பாபநாசம் அருவியோட வேகத்தைப் பார்த்து, விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை கட்டினாங்க. தண்ணிதான் மெஷினைச் சுத்துச்சு.

நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே படகில் போய்க்கிட்டிருந்தவங்களுக்கு 1843-ல் பாலம் வந்துச்சு. சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் சுலோசன முதலியார். பாலத்துக்கு அந்தப் பக்கம், வரிசையா கல்லூரிகள். பாளைக்கு 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு'ன்னு பேரே உண்டு. நெல்லுக்கு அடுத்தபடியா இங்கே அமோக விளைச்சல் பட்டதாரிகள்தான். அறுவடை மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போயிடுது.

உள்ளூரிலேயே வேலை வேணும்னா? கங்கைகொண்டான் சிப்காட் இருக்கு. டாடா பவரோட சோலார் செல் தொழிற்சாலை இப்போ அங்கேதான். நல்ல விஷயம். ஆனா, அதே சிப்காட்டில் குளிர்பானக் கம்பெனிகளுக்கு ஆத்து நீர் கொடுக்கிறதை எதிர்த்து வழக்கு நடந்து, 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதைத் தள்ளுபடி செஞ்சதையும் மறந்துடாதீங்க. வயல், வீடு, ஃபேக்டரி... எல்லாருக்கும் தண்ணி தரணும், நம்ம சாக்கடையையும் சுமக்கணும்னா ஒரு ஆறு என்னதான் செய்யும்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போறப்போ கம்பெனியோட வரலாறைப் படிக்கிறீங்கல்ல? உங்க ஊரோட பழைய முதலாளியைப் பத்தியும் படிங்க. அவர் உடம்பு சரியில்லாம கிடந்தா, புதுசா எத்தனை கம்பெனி வந்தும் பிரயோஜனம் இல்லை மக்கா!